இரவுப் புகையிரதத்தில் முழு அறையையும் பெறுவதற்கு ஒரு வெளிப்படையான முறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் இரவுத் தபால் புகையிரதத்தின் முதலாம் வகுப்புப் படுக்கைப் பெட்டியில் ஓர் அறையை முழுமையாகத் தமக்கென்று எடுத்துக்கொள்ள ஒருவர் விரும்பினால், அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தி அதை வெளிப்படையாகப் பெறுவதற்கு ஒரு முறை இருக்க வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழின் வாயிலாக உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகின்றேன். வசதி படைத்தவர்களின் சொகுசுக்காக எழுப்பப்படும் கோரிக்கை என்று முதற்பார்வையில் இது தோன்றக்கூடும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எண்பது வயதைக் கடந்த என் தாயாரைச் சத்திரசிகிச்சை முடிந்து கொழும்பிலிருந்து ஊருக்குக் கூட்டி வந்த ஓர் இரவுக்குப் பிறகு அந்த எண்ணம் என்னிடமிருந்து போய்விட்டது.

இந்தப் பெட்டியில் பயணம் செய்திராத வாசகர்களுக்காக முதலில் அதன் அமைப்பைச் சொல்லிவிடுகின்றேன். பெட்டியின் ஒரு பக்கமாக ஒடுங்கிய நடைபாதை செல்லும். மறுபக்கத்தில் வரிசையாகச் சிறு சிறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு படுக்கைகள், கைமுகம் கழுவ ஒரு சிறு தொட்டி, உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கதவு. இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் முன்பதிவு செய்பவர்களுக்குக் கிடைப்பது சாய்ந்து உறங்கும் இருக்கைதான். அங்கே நாற்பது ஐம்பது பேர் ஒரே கூரையின் கீழ் ஒருவர் கண்முன் ஒருவராக இருப்பதால், பக்கத்து இருக்கையில் யார் வந்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. படுக்கை அறையில் நிலைமை வேறு. கதவைப் பூட்டிவிட்டால் உள்ளே இருவர் மட்டுமே. அந்த இருவரும் ஒரே வீட்டார் என்றால் அதைவிட நிம்மதியான இரவுப் பயணம் இந்த நாட்டில் கிடையாது. முன்பின் அறியாதவர்கள் என்றால், அதிலும் ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணும் என்றால், இருவருக்குமே அந்த இரவு பெரும் சங்கடம். அப்படியிருந்தும் விற்கப்படுவது படுக்கையே தவிர அறையன்று. என் கடிதத்தின் பொருள் முழுவதும் இந்த ஒரு விடயத்தில் அடங்கியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்து மக்கள் ஏன் இந்தப் பெட்டியை நாடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மாகோவில் பிரிந்து கல்ஓயா, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு வரும் இந்தப் பாதை 1928 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரம். பஸ்ஸில் இதைவிட விரைவாகப் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் பஸ்ஸில் மலசலகூடம் இல்லை, காலை நீட்டிப் படுக்க வழியில்லை. சாரதி எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் இறங்கலாம். சிறுநீரக நோயாளிகள், நிறைமாதக் கர்ப்பிணிகள், முதுகெலும்பில் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்குக் கொழும்பு வைத்தியசாலைகளுக்குப் போய்வர ஏற்ற வழி புகையிரதமே. அம்பாறை மாவட்டத்துக்குப் புகையிரதப் பாதையே இல்லை என்பதால், கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பகுதிகளிலுள்ளவர்களும் நோயாளியை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு நிலையத்துக்கு வந்துதான் வண்டி ஏற வேண்டும். கல்முனையிலிருந்து வருபவர்களுக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பயணம் அது. பொத்துவிலிலிருந்து வருபவர்களின் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

இரவில் வண்டி மெதுவாகச் செல்வதற்கும் நியாயமான காரணம் உண்டு. ஹபரணை, கல்ஓயா, மின்னேரியா, வெலிக்கந்தை எனப் பாதை நெடுகிலும் யானைக் காடுகள். 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி ஹபரணைக்கு அருகே பயணிகள் புகையிரதம் ஒன்று யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் உயிரிழந்ததையும், வண்டி தடம் புரண்டதையும் எல்லோரும் அறிவோம். வேகத்தைக் குறைத்து ஓட்டுவதை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வண்டி மெதுவாகச் செல்லச் செல்ல, அந்தச் சிறிய அறைக்குள் ஒரு நோயாளி கழிக்க வேண்டிய மணித்தியாலங்களும் நீண்டுகொண்டே போகின்றன.

இனி அந்த இரவைப் பற்றிச் சொல்கின்றேன். என் தாயாருக்குக் குடலில் சத்திரசிகிச்சை செய்து, வயிற்றின் இடப்பக்கத்தில் மலம் சேர்வதற்கான பை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை அதைத் திறந்து வெறுமையாக்கி, ஓரத்தை வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மறுபடியும் பூட்ட வேண்டும். வைத்தியசாலைத் தாதி எனக்கு நான்கு தடவை செய்து காட்டியிருந்தார். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை ஒன்றை முதலில் பதிவு செய்தோம். என் தம்பி கூட வருவதாகத்தான் ஏற்பாடு. அவருக்கு விடுமுறை கிடைக்காமல் போகவே, இரண்டு நாட்கள் கழித்து நானே எனக்கென்று ஒரு படுக்கையைப் பதிவு செய்தேன். அதற்குள் அம்மாவின் அறையிலிருந்த மேற்படுக்கையை வேறொருவர் எடுத்துவிட்டிருந்தார். எனக்கு அடுத்த அறையின் மேற்படுக்கைதான் கிடைத்தது. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. வண்டியில் ஏறியபின் எவருடனாவது பேசி மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பித்தான் புறப்பட்டேன்.

அம்மாவின் அறையில் மேற்படுக்கைக்கு உரியவர் ஏறாவூரைச் சேர்ந்த ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கிய மஸ்கற் இனிப்புப் பொதியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என் அறையின் கீழ்ப்படுக்கையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் என் படுக்கையைப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் போகலாம் என்றால், அந்தப் பிள்ளை முன்பின் தெரியாத ஆணொருவருடன் பூட்டிய அறைக்குள் இரவைக் கழிக்க வேண்டும். அந்தப் பிள்ளையை அம்மாவுடன் விட்டுவிட்டுப் பெரியவருடன் நான் அடுத்த அறையில் இருக்கலாம் என்றால், அம்மாவின் பையைப் பார்ப்பது யார்? எப்படி மாற்றிப் பார்த்தாலும் மூன்று பெண்களும் ஓர் ஆணும் இரண்டு அறைகளுக்குள் ஒழுங்காக அடங்கவில்லை. நான்கு பேரும் நல்லவர்கள். நான்கு பேரிடமும் முறையான பயணச்சீட்டு இருந்தது. ஆனாலும் வழி பிறக்கவில்லை.

“நான் வெளியில நிக்கிறன் அன்டி, நீங்க அம்மாவோட இருங்க” என்று அந்தப் பிள்ளை எழுந்தார். பெரியவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. “குமர்ப்பிள்ளை கோச்சியில வெளியில நிக்கிறதா? நீங்க போய்ப் படுங்க மகள். தங்கச்சி, நீங்க உம்மாவோட உள்ளுக்கு இருந்து கதவச் சாத்திக்கொள்ளுங்க” என்று சொல்லிவிட்டு, மஸ்கற் பொதியையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டார். அடுத்த அறையின் மேற்படுக்கையில் படுத்துக்கொள்ளும்படி அந்தப் பிள்ளையே அழைத்தும் அவர் போகவில்லை. ஒரு பெண்பிள்ளை உறங்கும் அறைக்குள் தான் நுழைவது சரியன்று என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். மாகோ தாண்டும்வரை யன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பையைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கதவைச் சாத்திய பின்பே அம்மா என்னைத் தன் வயிற்றில் கை வைக்க விட்டார். அதுவரையில் பை நிறைந்து தோல் இழுபட்டுக்கொண்டிருந்ததை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்நிய ஆண் ஒருவர் மேலே படுத்திருக்கத் தன் சேலையை விலக்குவதைவிட வலியைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்றுதான் அவர் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிறு தொட்டியில் தண்ணீர் பிடித்து, கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு, வண்டியின் ஆட்டத்தில் கை நடுங்காமல் அந்த வேலையைச் செய்து முடிக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அந்த இரவில் அதை மூன்று தடவை செய்தேன்.

மனம்பிட்டியில் மகாவலிப் பாலத்தைக் கடக்கும்போது வண்டியின் சத்தம் மாறும். அதற்குச் சற்றுப் பின்பு கதவை இரண்டு தரம் மெதுவாகத் தட்டினார் பெரியவர். சுபஹுத் தொழுகைக்கு நேரமாகிறது, அதற்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். தான் பணம் கொடுத்து வாங்கிய அறையின் தொட்டியில் தண்ணீர் எடுப்பதற்கு அவர் என்னிடம் அனுமதி கேட்டு நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஏறாவூரில் இறங்கும்போது அம்மாவின் கையில் மஸ்கற் துண்டு ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இரவு முழுவதும் அடுத்த அறையில் ஒரு படுக்கை வெறுமையாகவே கிடந்தது. பணம் செலுத்திய ஒரு முதியவர் தன் பையின் மேல் உட்கார்ந்திருந்தார். அறையை முழுதாக விற்றால் படுக்கை வீணாகிவிடும் என்று சொல்பவர்கள், அறையைப் பாதியாக விற்றும் படுக்கை வீணாகப் போவதைத் தயவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதிகளிலிருந்து கொழும்புக்கு ஓடும் தனியார் பஸ்களில் ஆசனம் பதிவு செய்யத் தொலைபேசியில் அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது “லேடீஸா, ஜென்ட்ஸா?” என்றுதான். தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணையே போடுவார்கள். பெண் கிடைக்காவிட்டால் கடைசிவரைக்கும் அந்த ஆசனத்தை வைத்துப் பார்ப்பார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் சனங்களின் மனம் அறிந்து அவர்களாகவே கைக்கொண்ட ஒழுங்கு அது. விளக்கு எரியும் பஸ்ஸில், அறுபது எழுபது கண்களுக்கு முன்னால், அடுத்தடுத்து உட்காரும் இருவருக்கே இவ்வளவு கவனம் எடுக்கிறோம் என்றால், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஓர் இரவு முழுவதும் படுத்திருக்கும் இருவருக்கு எவ்வளவு கவனம் எடுக்க வேண்டும்?

என்னிடம் படித்த மாணவி ஒருவர் கொழும்பில் தாதியாகக் கடமையாற்றுகிறார். மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். படுக்கைக்குக் கொடுக்கப் பணமிருந்தும் அவர் மூன்றாம் வகுப்பு இருக்கையிலேயே வருகிறார். ஏன் என்று கேட்டதற்கு, “அறையில ஆர் வந்து சேருவாங்க எண்டு தெரியாது டீச்சர். சனத்துக்கு நடுவில இருந்தால் பயமில்லை” என்றார். இரண்டு நாள் இரவுக் கடமை முடித்துவிட்டு வண்டி ஏறும் ஒரு பிள்ளை, உறங்கவென்றே செய்யப்பட்ட பெட்டியை விட்டுவிட்டு உட்கார்ந்தபடி இரவைக் கழிக்கிறார். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்துப் பெண்களில் எத்தனையோ பேர் இதே காரணத்தால் அந்தப் பெட்டியின் பக்கமே போவதில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டிய தாய்மாரின் நிலையும் அதுவே. எங்கள் கிழக்கின் பெண்களுக்கு அந்தப் பெட்டி இருந்தும் இல்லாததற்குச் சமமாகவே இருந்து வருகிறது.

முழு அறையும் தேவைப்படுபவர்கள் இன்றைய நிலையில் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரே அறையின் இரண்டு படுக்கைகளையும் ஒரே தடவையில், ஒரே கருமபீடத்தில் கேட்டு வாங்க வேண்டும். என்னைப்போல் இன்று ஒன்றும் நாளை மறுநாள் ஒன்றுமாகப் பதிவு செய்யக் கூடாது. கீழும் மேலுமாக ஒரே அறைதானா என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்வதில் வெட்கப்பட வேண்டியதில்லை. முன்பதிவு திறந்த உடனேயே போய்விடுவது நல்லது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி நாட்களை அண்டி என்றால் சொல்லவே வேண்டாம். இருவராகப் பயணம் செய்பவர்களுக்கு இது போதும். ஆனால் ஒருவராகப் பயணம் செய்பவர் என்ன செய்வது? இரண்டு படுக்கைக்கும் பணம் கொடுத்துவிட்டு ஒருவர் மட்டும் உள்ளே இருந்தால், இடமில்லாமல் நிற்கும் ஒரு பயணியை அந்த வெற்றுப் படுக்கைக்கு அனுப்பப் பரிசோதகருக்குத் தோன்றுவது இயல்பே. அவரைப் பிழை சொல்ல முடியாது, ஏனெனில் அவர் கையிலிருக்கும் பட்டியலில் அது வராத ஒருவரின் படுக்கை. “முழு அறை” என்று பயணச்சீட்டிலும் பட்டியலிலும் அச்சாகியிருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று அங்கிருக்கும் உறவினர்களிடம் கேட்டும், நானே பயணம் செய்தும் ஓரளவு அறிந்துகொண்டேன். லண்டனிலிருந்து ஸ்கொட்லாந்துக்கு ஓடும் இரவு வண்டியில் இப்போது விற்கப்படுவது அறையே. ஒருவர் என்றாலும் இருவர் என்றாலும் அறை அவர்களுடையது, முன்பின் அறியாதவரை உள்ளே விடுவதில்லை. ஒஸ்திரியப் புகையிரத சேவையின் இரவு வண்டிகளில் ஒரே அறையை ஒருவருக்கு, இருவருக்கு, மூவருக்கு என வெவ்வேறு விலையில் பதிவு செய்யலாம். 2023 ஆம் ஆண்டின் இறுதியில் ஓடத் தொடங்கிய அவர்களுடைய புதிய வண்டிகளில், தனியாகச் செல்பவர்களுக்கென்று ஒருவர் மட்டுமே படுக்கக்கூடிய பூட்டுள்ள சிறு கூடுகளும் அமைத்திருக்கிறார்கள். தாய்லாந்தில் இரவு வண்டியில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின்பு, 2014 ஆம் ஆண்டு பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் எனத் தனிப் படுக்கைப் பெட்டியை இணைத்தார்கள். ஒரு குழந்தையின் உயிர் போன பிறகு வந்த ஒழுங்கு அது. நாம் அப்படியொன்று நடக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

இந்தியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேலூருக்குச் சிகிச்சைக்கும், மதுரை, இராமேசுவரம் எனத் தலயாத்திரைக்கும் எங்கள் ஊரிலிருந்து போகிறவர்கள் பலர். அங்கே குளிரூட்டப்பட்ட முதலாம் வகுப்பில் இருவருக்கான அறையும் உண்டு, நால்வருக்கான அறையும் உண்டு. இருவருக்கான அறையைக் ‘கூபே’ என்கிறார்கள். ஆனால் பதிவு செய்யும்போது எது கிடைக்கும் என்று தெரியாது. வண்டி புறப்படுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன் பயணிகள் பட்டியல் தயாராகும்போதுதான் அது முடிவாகும். கணவனும் மனைவியுமாகப் போகிறவர்கள்கூட நால்வர் அறையில் வேறு இருவருடன் சேர்க்கப்படலாம். அந்த முறையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் முதியவர்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும், அவர்கள் கேளாமலே, இருப்பதைப் பொறுத்துக் கீழ்ப்படுக்கையை ஒதுக்கும் ஏற்பாடு அங்கே கணினியிலேயே இருக்கிறது. நெடுந்தூர விரைவு வண்டிகளின் சாதாரணப் படுக்கை வகுப்பில் ஆறு படுக்கைகள் பெண்களுக்கென்று ஒதுக்கப்படுகின்றன. அத்தனை கோடிப் பயணிகளைச் சுமக்கும் நாட்டில் இது முடியும் என்றால், ஓர் இரவு வண்டிக்கு ஒரு பெட்டி என்று ஓடும் நம் நாட்டில் முடியாமற்போக வழியில்லை.

என் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் நான் மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் வகுப்பில் கால் வைக்க இடமின்றி மக்கள் நிற்கும் வண்டியில், ஒருவர் இரண்டு படுக்கைகளை எடுத்துக்கொள்வது நியாயமா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெருநாட்களை அண்டிய இரவுகளில் உடல்நிலைக் காரணம் இல்லாமல் தனி ஒருவருக்கு முழு அறை கொடுக்கக் கூடாது என்று புகையிரதத் திணைக்களம் விதித்தால் அதை முழு மனதுடன் ஏற்பேன். மற்ற நாட்களில், இரண்டு படுக்கைக்கும் உரிய முழுக் கட்டணத்தையும் ஒருவர் செலுத்துகிறார் என்றால் திணைக்களத்துக்கு அதனால் ஒரு சதமும் நட்டமில்லை. அரசாங்க ஊழியர்கள் வொறன்ட் எனப்படும் அரசாங்கப் பயண அனுமதிச் சீட்டில் பயணம் செய்யும்போது, அந்த வொறன்ட் ஒரு படுக்கைக்கு மட்டும் செல்லுபடியாகட்டும். மற்றையதற்குக் கைப்பணம் செலுத்தச் சொல்லலாம். பயணச்சீட்டுகளை மொத்தமாக வாங்கி அதிக விலைக்கு விற்பவர்கள் இதையும் பயன்படுத்திக்கொள்வார்களே என்று அஞ்சினால், முழு அறைச் சீட்டில் பயணியின் அடையாள அட்டை இலக்கத்தைப் பதிந்து, அந்த ஆள் வராவிட்டால் அறை முழுவதையும் வேறு பயணிகளுக்குக் கொடுத்துவிடலாம்.

ஒருவருக்கு முழு அறை எடுக்க வசதி இல்லை என்பதே பெரும்பாலானோரின் நிலை என்பதையும் நான் அறிவேன். ஆகவே அறையை முழுதாக விற்பதோடு மட்டும் இந்த விடயம் முடிந்துவிடாது. தனியாக ஒரு படுக்கை கேட்டு வரும் பெண்ணை, ஏற்கெனவே ஒரு பெண் பதிவு செய்திருக்கும் அறையிலேயே சேர்க்க வேண்டும். அப்படி ஓர் அறை இல்லாவிட்டால் புதிய அறை ஒன்றைத் திறந்து, அதன் மற்றப் படுக்கையைப் பயண நாளுக்கு முந்திய தினம்வரையாவது இன்னொரு பெண்ணுக்கென்று வைத்திருக்க வேண்டும். பஸ் கந்தோரில் கொப்பியையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு செய்கிற காரியம் இது. கணினியில் செய்ய இன்னும் இலகுவாக இருக்கும். வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியையோ விடுவிப்புத் துண்டையோ காட்டும் நோயாளிக்கும் அவருடன் செல்லும் துணைக்கும், வெவ்வேறு நாட்களில் பதிவு செய்திருந்தாலும், ஒரே அறையில் இடம் மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் நிலையப் பொறுப்பதிகாரிக்கு இருக்க வேண்டும். இதை நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகின்றேன். மற்ற ஏற்பாடுகளுக்குக் காலம் எடுத்தாலும், இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

இந்த விடயத்தைப் பேசும்போதெல்லாம், “உள்ளுக்கு ஆரையாவது தெரிஞ்சால் சொல்லி எடுக்கலாம்” என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. அந்த ஆலோசனையைத்தான் நான் மிகவும் வெறுக்கின்றேன். வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ வரும் ஒரு கமக்காரர், தன் மனைவியைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கூட்டிச் செல்லும்போது யாரைத் தெரிந்து வைத்திருப்பார்? ஒழுங்கு எழுத்தில் இருந்தால், சுவரில் மூன்று மொழிகளிலும் ஒட்டப்பட்டிருந்தால், அவரும் அதைக் காட்டி உரிமையோடு கேட்கலாம்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் மறுபடியும் கிளினிக். இந்தத் தடவை இரண்டு படுக்கைகளையும் ஒன்றாகவே பதிவு செய்திருக்கின்றேன். கருமபீடத்தில் இருந்த இளைஞரிடம் அம்மாவின் நிலையைச் சொன்னதும், கணினித் திரையைச் சற்றே என் பக்கம் திருப்பி இரண்டும் ஒரே அறைதான் என்று காட்டினார். நான் போன பிறகும் எனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு சீட்டுகளையும் வாங்கி, பின்புறத்தில் “கீழ், மேல் – ஒரே அறை” என்று நீலப் பேனாவால் எழுதித் தந்தார். அவருக்கு என் நன்றி. அவர் கையால் எழுதித் தந்ததைச் சீட்டின் முன்புறத்திலேயே அச்சிட்டுத் தரும்படியும், தனியாக வருபவருக்கும் உரிய கட்டணத்தில் முழு அறையைப் பதிவு செய்ய வழி திறக்கும்படியும் புகையிரதத் திணைக்களத்தையும், எங்கள் இரு மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.